கார்ட் போடுவீர்களா, மாட்டீர்களா: ஐ3-12100உம் ரைசன் 5600ஜியும்

கிளிநொச்சியில் கணினி வாங்குவதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. காலபோக நெல் வெட்டி, மூட்டை விற்று, உரக்கடைக் கடனும் வெட்டுக்கூலியும் கொடுத்து முடிந்த பிறகு, மாசி பங்குனியில் வீட்டில் கொஞ்சம் காசு நிற்கும். அப்போதுதான் "பிள்ளைக்கு ஒரு கொம்பியூட்டர் எடுக்கவேணும்" என்ற கதை தொடங்கும். உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் நேரம் இன்னொரு பருவம். வெளிநாட்டுக் காசுக்குப் பருவம் கிடையாது. அது எந்த மாதமும் வரும், கூடவே ஆலோசனையும் வரும்.

நான் கடை வைத்திருப்பவன் இல்லை. சொந்தக்காரருக்கும் அயலுக்கும் சாமான் தெரிந்து, கணினி பூட்டிக் கொடுக்கிறவன். ஆகவே யாருக்கும் எதையும் விற்றுத் தள்ளவேண்டிய தேவை எனக்கு இல்லை. கேட்கிறவர்களின் காசுக் கணக்கைப் பார்த்தால், புதுச் சாமான்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்குக் கடைசியில் இரண்டு புரொசெசரின் (கணினியின் மூளை) பெயர்தான் மிஞ்சும். ஒன்று இன்டெல் கோர் ஐ3-12100. மற்றது ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. இரண்டுக்கும் நடுவே எது என்று வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இனிக் கேட்பவர்களுக்கு இதன் இணைப்பை அனுப்பிவிடலாம் என்று நினைத்து எழுதுகிறேன்.

வெளிநாட்டு ஆலோசனையை முதலில் முடித்துவிடலாம். ரொறன்ரோவில் இருந்து மாமா ஒருவர் வட்ஸ்அப்பில் சொல்வார்: "ஐ7 எடுத்துக் குடுங்கோ தம்பி, காசைப் பற்றி யோசியாதேங்கோ." வந்துசேரும் காசு ஐ3க்குத்தான் காணும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் கடைசியாகக் கணினி வாங்கிய காலத்தில் ஐ3 என்றால் இரண்டு கோர்தான் (கோர் என்பது புரொசெசருக்குள் வேலை செய்யும் தனி அலகு), ஐ7 என்றால் நான்கு. இப்போது நிலைமை வேறு. 2017 ஜனவரியில் வெளிவந்த ஐ7-7700கே நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை வரிசைகள்), 91 வாட். 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100க்கும் அதே நான்கு கோர், அதே எட்டு த்ரெட், ஆனால் அடிப்படை 60 வாட். வேலை வாங்கிப் பார்த்தால் அந்தப் பழைய ஐ7ஐ இந்த ஐ3 முந்திவிடும். ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் மட்டும் பார்க்கவேண்டிய வரிசை. தலைமுறை தெரியாமல் ஐ7 என்று கேட்டால், கடைக்காரர் பத்து வருடப் பழசு ஒன்றைத் தூசி தட்டித் தருவார். அவர் சொன்னதும் பொய்யில்லை, அது ஐ7தான்.

அந்தப் பழசுகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஏ9 வீதியோரக் கடைகளில் வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பிராண்ட் கணினிகள் அடுக்கிக் கிடக்கும். நிறையப் பேருடைய முதல் கணினி அதுதான். பெரும்பாலும் நான்காம் தலைமுறை ஐ5. உதாரணத்துக்கு ஐ5-4570 என்பது 2013இல் வந்தது, நான்கு கோர், நான்கே த்ரெட், 84 வாட். கடிதம் அடிக்கவும் யூடியூப் பார்க்கவும் இன்றைக்கும் போதும், எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) ஒன்று போட்டால் சுறுசுறுப்பாகவே இருக்கும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11இன் ஏற்புப் பட்டியல் இன்டெலில் எட்டாம் தலைமுறையில் இருந்தும், ரைசனில் 2000 வரிசையில் இருந்தும்தான் தொடங்குகிறது. கடையில் குறுக்குவழியால் 11ஐப் போட்டுத் தருவார்கள், ஓடவும் செய்யும். ஒருநாள் அப்டேட் வராமல் நின்றால் கேட்க ஆளில்லை. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் எனக்கு ஆட்சேபனை இல்லை. நான்கைந்து வருடம் பிள்ளை படிக்கவேண்டிய கணினி என்றால் புதுசுக்குப் போங்கள் என்பேன்.

சரி, அந்த இரண்டுக்கும் வருவோம்.

பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்தால் ரைசன் வென்றுவிட்டது. 5600ஜிக்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 4.4 வரை ஏறும். மூன்றாம் நிலை கேஷ், அதாவது புரொசெசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம், 16 எம்பி. ஐ3க்கு நான்கு கோர், எட்டு த்ரெட், 3.3இல் இருந்து 4.3 வரை, 12 எம்பி. ஆனால் கோருக்குக் கோர் வைத்துப் பார்த்தால் கதை திரும்புகிறது. ஐ3க்குள் இருப்பது கோல்டன் கோவ் என்ற புது வடிவமைப்பு, ரைசனுக்குள் அதற்கு முந்திய காலத்து ஸென் 3. ஒற்றைக் கோரில் மட்டும் ஓடும் வேலையில் ஐ3 ஏறத்தாழ 15 வீதம் முன்னால் நிற்கும். எல்லாக் கோரையும் ஒன்றாக வேலை வாங்கினால் ரைசன் கிட்டத்தட்டக் கால் பங்கு முன்னால் போகும்.

இதில் எது உங்கள் கைக்குத் தெரியும்? வேர்ட் திறப்பது, குரோமில் பக்கம் மாறுவது, எக்ஸலில் கணக்குப் போடுவது, ஓட்டோகாட்டில் வீட்டு வரைபடம் கீறுவது, எல்லாம் பெரும்பாலும் ஒற்றைக் கோர் வேலைகள். ஐ3 அங்கே சுளுவாக ஓடும். கோப்புகளைச் சுருக்குவது, பெரிய புரோகிராம் ஒன்றைக் கம்பைல் பண்ணுவது, முப்பரிமாணப் படத்தை ரெண்டர் பண்ணுவது எல்லாக் கோரும் சேர்ந்து செய்யும் வேலைகள். உண்மையைச் சொன்னால் இரண்டாவது வகை வேலை செய்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. அப்படிச் செய்கிறவர்களும் அது ஓடும் நேரத்தில் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள்.

ஆகவே வேகத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கப் போனால் விடிய விடிய இருந்து கதைக்கலாம், முடிவு வராது. நான் கேட்கும் கேள்வி வேறு: இந்தக் கணினிக்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் (திரையில் வரும் படத்தை உருவாக்கும் தனிப் பலகை) எப்போதாவது போடுவீர்களா?

இதற்கு "பிறகு போடலாம்" என்பது விடை ஆகாது. எல்லாரும் பிறகு போடலாம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பிறகு வருவதற்குள் அக்காவின் கலியாணம் வரும், வெள்ளம் வரும், மோட்டர்சைக்கிள் இஞ்சின் பிரிக்க வரும். அதனால் நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்பேன். யார் காசு தரப்போவது? எந்த மாதம்? இதற்குப் பதில் இல்லையென்றால் கார்ட் வராது என்று எழுதிக்கொண்டு மேலே போவேன்.

கார்ட் வராது, ஆனால் கேமோ முப்பரிமாண வேலையோ உண்டு என்றால் 5600ஜி. அதற்குள் இருக்கும் வேகா 7 கிராபிக்ஸ், ஐ3க்குள் இருக்கும் யூஎச்டி 730ஐ விடக் கேமில் இரண்டு மடங்குக்குக் குறையாமல் ஓடும். என் ஒன்றுவிட்ட அக்காவின் மகனுக்கு இந்த ஒரு வசனமே போதுமாக இருந்தது. "மாமா, ஜிடிஏ ஃபைவ் ஓடுமோ?" என்றான். ஓடும், செட்டிங்கைக் குறைத்து வைத்தால் ரசித்து விளையாடும் அளவுக்கு ஓடும். வலோரண்ட் அதை விடச் சுளுவாக ஓடும். "ஃப்ரீ ஃபயர்?" என்று கேட்டது அவன் தம்பி. எமுலேட்டர் (ஃபோன் கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) போட்டால் அதுவும் ஓடும், ஆனால் பயோஸுக்குள் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) போய் எஸ்விஎம் என்ற ஒன்றை இயக்கிவிடவேண்டும். பல ஏஎம்டி மதர்போர்டுகளில் அது அணைத்த நிலையில்தான் வருகிறது. இயக்காமல் எமுலேட்டரை ஓடவிட்டால் ஆமையாக நகரும். பிறகு பிழை புரொசெசர் தலையில் விழும்.

கார்ட் வருவது நிச்சயம் என்றால் ஐ3. இங்கேதான் பலர் எதிர்பார்க்காத ஒன்று நடக்கிறது. கார்ட் போட்ட பிறகு 5600ஜியின் பெரிய பலமான வேகா 7 சும்மா கிடக்கும். மிச்சமாக நிற்பது 16 எம்பி கேஷும், கார்டுக்கும் புரொசெசருக்கும் இடையிலான பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0உம். பெயரில் ஜி இல்லாத ரைசன் 5 5600க்கு இதே கேஷ் 32 எம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0. ஜி எழுத்துக்காக விட்டுக்கொடுத்தவை அவை. ஐ3-12100இல் கார்டுக்கான பாதை 5.0 வரை போகும். மலிவு மதர்போர்டில் அது 4.0 ஆக இருந்தாலும் ரைசனுக்கு ஒரு படி மேல்தான். மலிவு கார்டுகளில்தான் இது உறைக்கும். ரேடியன் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்ட் 2022இல் வந்தது. அந்தப் பாதையில் அதற்கு நான்கு லேன் (தடம்) மட்டுமே. 4.0 பாதையில் அது சமாளிக்கும், 3.0 பாதையில் மூச்சு வாங்கும். ஆக, நான்கு கோர் ஐ3 ஒரு கார்டுடன் சேர்ந்தால், ஆறு கோர் 5600ஜி அதே கார்டுடன் தருவதை விடக் கேமில் பெரும்பாலும் கூடத்தான் தரும்.

கார்டும் வராது, கேமும் இல்லை, அலுவலக வேலைதான் என்றால் மறுபடியும் ஐ3. அல்லது எது மலிவோ அது.

இவ்வளவுதான் என் தீர்ப்பு. ஆனால் வேகா 7ஐ நம்பி 5600ஜி வாங்கிவிட்டு, அதன் பாதிப் பலத்தை வீட்டில் பூட்டிவைப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதற்குக் காரணம் ராம், அதாவது கணினியின் வேலை நினைவகம்.

கார்டுக்கென்று தனி நினைவகம் இருக்கும். புரொசெசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கணினியின் ராமில் இருந்துதான் அது அள்ளவேண்டும். டிடிஆர்4-3200 ராம் ஒரு துண்டு போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி வரும். இரண்டு துண்டை இரண்டு சனலில் போட்டால் 51.2. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிறைய நின்றாலும், இடதுகரை வாய்க்காலை மட்டும் திறந்தால் வலதுகரை வயல் காயத்தான் செய்யும். 16 ஜிபி ஒரே துண்டாகப் போட்டவரின் கதை அதுதான். கொள்ளளவு இருக்கிறது, வரத்துப் பாதி. வேகா 7 போன்ற ஒன்றுக்கு இந்தப் பாதி நேரே கேமில் தெரியும். ஆகவே 16 ஜிபி ஒன்று வேண்டாம், 8 ஜிபி இரண்டு. கடைக்காரர் "ஒரு துண்டாப் போட்டா பிறகு கூட்டலாம் அண்ணை" என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். கூட்டமாட்டீர்கள்.

2025 கடைசியில் இருந்து ராம் விலை உலகம் முழுக்க ஏறிப் போனது இந்தக் கணக்கைக் கொஞ்சம் கெடுத்துவிட்டது. 8 ஜிபி ஒன்றோடு சமாளிப்போம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 5600ஜியில் அந்த 8 ஜிபியில் ஒரு பகுதியைக் கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். பயோஸில் 2 ஜிபி ஒதுக்கியிருந்தால் விண்டோஸ் 11க்கும் குரோமுக்கும் சேர்த்து ஆறுதான் மிச்சம். அப்படியென்றால் 5600ஜியை எடுக்கவே வேண்டாம். ஐ3ஐ எடுத்து, அந்த வித்தியாசக் காசை ராமில் போடுங்கள்.

மாணவர்களுக்கு வருகிறேன். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய, தொழில்நுட்ப பீடங்களும் இருப்பதால், கிளிநொச்சியில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் அவர்கள் ஒரு பங்கு. வவுனியாப் பக்கம் என்றால் பம்பைமடுவில், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்து மாணவர்கள். பலர் மடிக்கணினி என்று முடிவோடு வருவார்கள். விடுதிக்கும் வீட்டுக்கும் தூக்கித் திரிபவர்களுக்கு அதுதான் சரி, நான் தடுப்பதில்லை. வீட்டில் இருந்து போய்வருகிறவர்களுக்கு, அதே காசில் மேசைக்கணினி கூடுதலாகத் தரும். சொலிட்வேர்க்ஸ் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் ஒரு பாகத்தை வரைவது பெரும்பாலும் ஒற்றைக் கோர் வேலை, அதில் ஐ3க்கு ஒரு சின்ன முன்னணி உண்டு. வரைந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது கிராபிக்ஸ் வேலை, அங்கே வேகா 7. கார்ட் இல்லாத மாணவனுக்கு நான் 5600ஜி பக்கமே சாய்வேன். புரோகிராம் எழுதுகிறவனுக்கும், மெய்நிகர் இயந்திரம் (கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடுவது) ஒன்றிரண்டு ஓடவிடுகிறவனுக்கும் அந்த ஆறு கோர் உதவும்.

கலியாணவீடு, சாமத்தியவீடு படம்பிடிக்கிற ஆட்களுக்கோ நேர் எதிராகச் சொல்வேன். அவர்கள் கேட்டவுடன் கடைகளில் "கோர் கூட உள்ளதை எடுங்கோ" என்பார்கள். ஆனால் இப்போது புதுக் கமராக்கள் 10 பிட் 4:2:2 என்ற கூடுதல் நிறத் தகவல் உள்ள வகையில், எச்இவிசி என்ற சுருக்கிய வீடியோக் கோப்பாகப் பதிவு செய்கின்றன. அதை விரித்துக் காட்டும் வன்பொருள் யூஎச்டி 730க்குள் இருக்கிறது, வேகா 7க்குள் இல்லை. வீடியோ வெட்டும் பிரீமியரில் அந்தக் கோப்பைப் போட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஐ3இல் வழுக்கிக்கொண்டு போகும், ரைசனில் ஆறு கோரும் சேர்ந்து தள்ளவேண்டியிருக்கும். யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 என்ற வீடியோ வகைக்கும் இதே நிலைதான். ஐ3இல் வன்பொருளே செய்யும். 5600ஜி அதைக் கோர்களால் செய்து முடிக்கும், 1080 அளவில் கஷ்டமில்லாமல் செய்யும், ஆனால் கொஞ்சம் சூடாகும். கமரா பழசு, சாதாரண எச்.264 கோப்புத்தான் என்றால் இந்த வாதம் வலுவிழந்துவிடும். எந்தக் கமரா என்று கேட்காமல் எந்தப் புரொசெசர் என்று சொல்லவே கூடாது.

விலையைப் பற்றி இலக்கம் தந்தால் நீங்கள் வாசிக்கும்போது அது பொய்யாகியிருக்கும். வெளிவந்த நேரத்தில் 5600ஜி 259 டொலர், 2021 ஓகஸ்டில். ஐ3-12100 ஏறத்தாழ அதில் பாதி, 120க்கும் 130க்கும் இடையில். பிறகு ரைசன் நன்றாக இறங்கியது. எங்களுக்கோ அந்த இறக்கம் தெரியவே இல்லை. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதம் ஆனபோது 360. அமெரிக்காவில் விலை இறங்க இறங்க இங்கே ஏறியது. அந்தப் பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, ஆகவே வாங்கினவர்களுக்கும் போட்டுப் பார்க்கக் கரண்ட் இல்லை. இப்போது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கடைக்குக் கடை மாறுகிறது. புரொசெசர் விலையை மட்டும் கேட்காமல், மதர்போர்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஐ3க்கு எச்610, ரைசனுக்கு ஏ520. சேர்த்துப் பார்த்தால் சில நேரம் மலிவு மாறிப் போகும்.

ஐ3-12100 இல்லை, 13100 இருக்கு, 14100 இருக்கு என்றால் கலங்கவேண்டாம். 4.5, 4.7 கிகாஹெர்ட்ஸ் என்று வேகம் கொஞ்சம் கூட்டிய அதே நான்கு கோர் சாமான்கள்தான். விலை கிட்டத்தட்ட ஒன்று என்றால் எடுக்கலாம், பெரிதாகக் கூடக் கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் 5600ஜிடி என்று 2024இல் வந்ததும் அப்படியே.

கடையில் பெட்டியைக் கையில் வாங்கியவுடன் கடைசி எழுத்தைப் பாருங்கள். 12100எஃப் என்று இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. கொஞ்சம் மலிவாக இருக்கும், அதனால்தான் கண்ணை இழுக்கும். ரைசனில் 5500க்கும் 5600க்கும் அப்படியே. கார்ட் இல்லாமல் இதைப் பூட்டினால் மின்விசிறி சுற்றும், வெளிச்சம் எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். விசுவமடுவில் இருந்து ஒரு ஐயா புதுக் கணினியை வானில் ஏற்றிக்கொண்டு வந்தார். திரை பழுது என்று ஒரு கடையில் சொல்லி, இன்னொரு மொனிட்டரையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். பெட்டியில் எஃப் என்று அச்சடித்திருந்தது. இரண்டாவது மொனிட்டரைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். இப்போது அது அவர் வீட்டில் சிசிடிவி கமராவுக்குப் பாவனையில் இருக்கிறது.

மதர்போர்ட் பக்கம் இன்னொரு பொறி. ரைசன் செருகும் ஏஎம்4 சொக்கெட் 2016இல் இருந்து இருப்பதால், பழைய பி450 போர்டுகள் இன்னும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். 5600ஜி அதில் ஓடும், ஆனால் பயோஸ் புதுசாக இருக்கவேண்டும். அலுமாரியில் கிடந்த பழைய போர்டில் புது ரைசனைச் செருகினால் உயிரே வராது. பயோஸை ஏற்றுவதற்குப் பழைய ரைசன் ஒன்று இரவல் வாங்கவேண்டும். கொழும்பில், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் என்றால் பக்கத்துக் கடையில் கேட்கலாம். மல்லாவியில் யாரிடம் கேட்பது? "பயோஸ் ஏற்றி, படம் வரக் காட்டித் தாங்கோ" என்று கடையிலேயே சொல்லி வாங்குங்கள். எச்610 போர்டில் 13, 14ஆம் தலைமுறை போடுவதென்றாலும் இதே எச்சரிக்கைதான். புது பயோஸுக்கு வேறொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 11இல் ரைசன் கணினிகள் இடைக்கிடை ஒரு கணம் திக்கி நிற்கும் பிரச்சினையை 2022இல் ஏஎம்டியே ஒப்புக்கொண்டு, பயோஸ் வழியாகத்தான் தீர்த்தது.

கழற்றும்போது ரைசனிடம் கவனம். ஏஎம்4 வகையில் ஊசிகள் புரொசெசரின் அடியில் இருக்கின்றன. கூலரை நேரே மேலே இழுத்தால், காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு பூட்டியிருக்கும் சொக்கெட்டில் இருந்தே புரொசெசரைப் பிடுங்கிவிடும், ஊசி வளையும். கொஞ்ச நேரம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகிப் பிறகு தூக்கவேண்டும். இன்டெலில் ஊசிகள் போர்டில் இருக்கின்றன. புரொசெசர் தப்பும், விரல் பட்டால் போர்ட் போகும். பழைய இன்டெல் கூலர் வீட்டில் கிடக்கிறது, அதைப் போடலாம் என்று நினைக்கவும் வேண்டாம். 12ஆம் தலைமுறையில் திருகாணித் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரில் இருந்து 78க்கு மாறிவிட்டது. பெட்டியோடு வரும் கூலர் இரண்டுக்குமே போதும்.

போதும் என்று சொன்னேன், ஆனால் எங்கள் வெக்கையைச் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். 60 வாட், 65 வாட் என்று பெட்டியில் இருந்தாலும் முழு வேகத்தில் ஐ3 89 வாட் வரையும், ரைசன் 88 வாட் வரையும் இழுக்கும். கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐ3 100 பாகை வரையும், ரைசன் 95 பாகை வரையும் தாங்கிப் பிறகு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தகரக் கூரை வீட்டில், சித்திரை மத்தியானத்தில் அறையே 36, 37இல் இருக்கும்போது அந்த எல்லை நினைப்பதை விடக் கிட்டத்தில் இருக்கிறது. பிறகு சோளகக் காற்றுத் தொடங்கினால் செம்மண் தூசி. நான்கைந்து மாதத்தில் கூலரின் இதழ்களுக்கு நடுவே கம்பளி போலப் படிந்துவிடும். சைக்கிள் கடைக் கொம்பிரசரால் ஊதிவிடுகிறவர்கள், காற்றாடியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது கண்டபடி சுழன்று தண்டு போய்விடும். குழாயில் தேங்கிய தண்ணீரை முதலில் வெளியே ஊதிவிட மறக்கவேண்டாம்.

யூபிஎஸ் கட்டாயம். இந்த இரண்டு புரொசெசரில் எதை எடுத்தாலும், மொனிட்டரோடு சேர்த்து ஒரு 650 விஏ யூபிஎஸ் தாராளமாகத் தாங்கும், கார்ட் இல்லாதவரை. அதுவும் இந்த மலிவுச் சாமான்களின் ஒரு நன்மை. மாலையில் எல்லாரும் மோட்டர் போடும் நேரம் வோல்டேஜ் இறங்கிக் கணினி தானே அணைந்து திரும்ப எழும்புகிற ஊர்களில், எஸ்எஸ்டியில் உள்ள கோப்புகள் தப்புவது யூபிஎஸ்ஸால்தான். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுவதோடு இணையக் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் ரவுட்டர் வழியாக வந்து போர்டைச் சுட்டுவிட்ட சம்பவங்கள் எங்கள் பக்கத்தில் தாராளம். போர்ட் சுட்டால் உத்தரவாதமும் செல்லாது. சும்மா பழுது என்றால் பெட்டிப் புரொசெசருக்கு மூன்று வருட உத்தரவாதம் உண்டு, இரண்டு நிறுவனமும் அப்படித்தான். ஆனால் பொருள் இரவு பஸ்ஸில் 300 கிலோமீட்டருக்கு மேல் கொழும்புக்குப் போய் வரவேண்டும். அந்தக் காலத்துக்குக் கணினி இல்லாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கேட்டவர் பரந்தன் பக்கம் கொமினிகேஷன் நடத்தும் அண்ணை. போட்டோக்கொப்பி, கடவுச்சீட்டுப் படம், பாமினி எழுத்துருவில் கடிதம் அடிப்பது, இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது, பெறுபேறு எடுத்துக் கொடுப்பது. இதுதான் வேலை. யாரோ ஆறு கோர் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "கேம் விளையாடுவீங்களோ அண்ணை?" என்றேன். "எனக்கு முகம் கழுவவே நேரமில்லை" என்றார். ஐ3-12100, 8 ஜிபி இரண்டு, எஸ்எஸ்டி ஒன்று, யூபிஎஸ் ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். மிஞ்சின காசில் லேமினேட்டிங் மெசின் வாங்கியிருக்கிறார். கணினியை விட அது கூட உழைக்கிறது என்று சொல்லித் திரிகிறார்.